சிவப்பு டீ-ஷர்ட் பகை

டீ-ஷர்ட் அச்சடிக்கும் தொழிலில் மையைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. எல்லாச் சண்டையும் அச்சடிக்க எடுக்கிற வெறும் டீ-ஷர்ட்டைப் பற்றித்தான். சேலையூர் கேம்ப் ரோட்டில் பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. எனக்குத் தெரிந்ததெல்லாம் துணிதான். என்னை மாதிரி கவுண்டருக்குப் பின்னால் நின்று அவதிப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். நம்மைத் திட்டினால் பொறுத்துக்கொள்ளலாம், நம் துணியைத் திட்டினால் பொறுக்க முடியாது. நான் பொறுக்கவில்லை. மூன்று வருஷம் பொறுக்கவில்லை.

வெள்ளை எழுத்து

சபாபதி சார் பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செம்பாக்கம் ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்களுக்கெல்லாம் அவர்தான் செயலாளர். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் டீ-ஷர்ட் போடுவார்கள். அந்த வருஷம் சிவப்பில் வெள்ளை எழுத்து. "பாலியஸ்டர் போடுங்க, வேர்வை சீக்கிரம் காயும்" என்று அவர்தான் சொன்னார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இந்த மாதிரி விஷயத்தை நான் மறப்பதே இல்லை.

சிவப்பு பாலியஸ்டரில் ஒரு குணம் உண்டு. வெள்ளை மையைப் போட்டுச் சூடு காட்டினால் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். நாலு நாளில் துணியின் சாயம் மைக்குள் ஏறிவிடும். ஏரிக்கரையில் முப்பது ஆண்பிள்ளைகள் நெஞ்சில் ரோஸ் எழுத்தோடு நடந்தார்கள். மறுநாள் சபாபதி கடைக்கு வந்தார். கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கத்தியிருந்தால்கூட மறந்திருப்பேன். மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்: "உங்களுக்குத் துணியே தெரியலையே நாயகம், அப்புறம் எதுக்குக் கடை?"

அந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

பச்சை நூல்

அதற்குப் பிறகு நடையாளர்கள் ஆர்டர் வேறு கடைக்குப் போனது. சபாபதி கேம்ப் ரோட்டில் எதிர்ப்பக்கமாகவே நடந்தார். எங்கள் பக்கம்தான் சாயங்காலம் நிழல். ஆனாலும் அவர் வெயிலில் போனார். போகட்டும் என்று விட்டேன். அவரே படியேறி வந்து, தன் வாயால், அந்த பாலியஸ்டரைக் கேட்டது தான்தான் என்று சொல்ல வேண்டும். அதுவரை அவரிடம் பேச்சில்லை என்று முடிவு பண்ணினேன்.

தொழில் மட்டும் நடந்தது. ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர்கள் பதினெட்டுப் பேர் விளையாட்டு விழாவுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். சைஸ் எழுதி அனுப்பச் சொன்னால், பதினெட்டுப் பேரும் மீடியம். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், சைஸ் பேப்பரில் உண்மை எழுதுகிற மனுஷன் இன்னும் பிறக்கவில்லை. என்னோடு பத்து வருஷமாக வேலை செய்கிற ஸ்டெல்லாதான் வழி கண்டுபிடித்தாள். பிளெயின் டீ-ஷர்ட் ஒவ்வொரு சைஸிலும் ஒன்று எடுத்து, கழுத்து லேபிளை வெட்டிவிட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூலைத் தைத்து வைத்தாள். போட்டுப் பாருங்கள், எது சரியாக இருக்கிறதோ அந்த நூல் கலரை மட்டும் சொல்லுங்கள் என்றாள். எல்லாருக்கும் சரியாக அமைந்தது. கடைசியாக வந்த கணக்கு டீச்சர் ஸ்டெல்லாவின் காதருகே குனிந்து சொன்னார்: "எனக்குப் பச்சை நூல்னு எழுதிக்கோங்க. பச்சைன்னா என்ன சைஸ்னு எனக்கே சொல்லாதீங்க."

மார்க்கர்

ரோஸ் எழுத்துக்குப் பிறகு கடையில் ஒரு சட்டம் கொண்டுவந்தேன். யார் எந்தத் துணியைத் தேர்ந்தெடுத்தாலும், அந்த வெறும் டீ-ஷர்ட்டின் மேலேயே மார்க்கரால் கையெழுத்துப் போட வேண்டும். அது மூட்டையில் கட்டிப் பரணுக்குப் போகும். நாளைக்கு "நான் இதைக் கேட்கலை" என்றால் இறக்கிக் காட்டலாம். துணி மேல் எழுதுவது எனக்கு முன்பே பழக்கம். போனில் டைப் அடிக்க வராது. துணி அனுப்புகிற திருப்பூர்க்காரருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சாம்பிள் மேலேயே எழுதி, படம் எடுத்து அனுப்பிவிடுவேன்.

குன்றத்தூர் முருகன் கோயிலுக்கு நடந்து போகிற ஒரு குழு வந்தது. தலைவர் மெக்கானிக் வேலை பார்க்கிறவர். போனில் ஒரு பச்சையைக் காட்டினார். "போன் பச்சை வேற, துணிப் பச்சை வேற தம்பி" என்று ஏழு பச்சையை மேஜையில் விரித்தேன். குழுவில் ஆளுக்கு ஒரு பச்சை பிடித்தது. அரை மணி நேரம் வாதாடி ஒன்றை எடுத்தார்கள். உடனே மார்க்கரை நீட்டினேன். கையெழுத்து, தேதி, கூட இருந்த இரண்டு பேர் சாட்சி. தலைவர் மார்க்கரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்: "இன்னாண்ணா, பனியன் வாங்க வந்தா வூட்டுப் பத்திரம் எழுதற மாரி கையெழுத்து வாங்கிகினு கீற?"

தொப்பை

போன மாதம் ஒரு சாயங்காலம் சபாபதி ரோட்டைக் கடந்தார். எங்கள் பக்கமாகக் கடந்தார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் மடித்து வைத்த டீ-ஷர்ட்டை எடுத்து மறுபடி மடித்தேன்.

பையிலிருந்து ஒரு நீல டீ-ஷர்ட்டை எடுத்து வைத்தார். வேறு கடையில் போட்டது. காட்டன்தான், ஆனால் முதலிலேயே அலசிச் சுருக்கம் எடுக்காத துணி. ஒரே துவையலில் நாலு விரல் மேலே ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழா, எல்லாருக்கும் புதிதாக வேண்டும் என்றார். நான் எந்த பிளெயின் டீ-ஷர்ட் வாங்கினாலும், முதலில் ஒன்றை நனைத்துக் காயப்போட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு எடுப்பேன். அதையெல்லாம் நீட்டி முழக்கிச் சொன்னேன். வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் குரலைத் தாழ்த்தினார்: "எனக்குத் தொப்பை போட்டுடுச்சுன்னு என் சம்சாரம் சொல்றா. துணிதான் சுருங்கிச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை அவகிட்ட சொல்லணும்."

பரண்

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "சொல்றேன் சார். ஆனா அந்தச் சிவப்பு பாலியஸ்டர், வேர்வை காயும்னு நீங்க கேட்டது. அதை ஒத்துக்குங்க, ஆர்டர் எழுதறேன்" என்றேன்.

"நான் கேட்கவே இல்லையே. நல்லதாப் பார்த்துப் போடுங்கன்னுதானே சொன்னேன்?"

மூன்று வருஷமாக நான் காத்திருந்த இடம் இதுதான். அந்தச் சிவப்பு சாம்பிள் எங்கே போய்விடும்? அவர் கேட்டதை அதன் மேலேயே எழுதித்தான் திருப்பூருக்குப் படம் அனுப்பியிருப்பேன். ஏணியைப் போட்டேன். "முட்டி வலியோட எதுக்குண்ணா?" என்று சொல்லிக்கொண்டே ஸ்டெல்லா ஏணியைப் பிடித்தாள். மூன்றாவது மூட்டையில் அது கிடைத்தது. டியூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்தேன். திருப்பூருக்குப் படம் எடுத்து அனுப்ப நானே எழுதியது, அதன் மேல் என் கோணல் எழுத்தில் இருந்தது: "சிவப்புல காட்டன் இல்லன்னா இந்த பாலியஸ்டரே அனுப்பு. வேர்வை சீக்கிரம் காயும். நாயகம்."

பரண் மேல் நல்ல புழுக்கம். மூட்டைக்குள் திணித்துவிட்டுக் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஆர்டரும் வரும், பகையும் இருக்கும். கீழேயிருந்து சபாபதி, "கெடைச்சுதா?" என்றார். குரலில் கிண்டல் இல்லை. நான் விழுந்துவிடுவேனோ என்ற பயம்தான் இருந்தது. அவரும் ஏணியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இறங்கி வந்து அவர் கையிலேயே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஸ்டெல்லாவும் எட்டிப் பார்த்துவிட்டு, அவசர வேலை இருப்பது மாதிரி உள்ளே போனாள். உள்ளே போய் அவள் சிரித்தது ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். நான் ஆர்டர் நோட்டைத் திறந்தேன். சபாபதி டீ-ஷர்ட்டை ஒழுங்காக மடித்து மேஜை மேல் வைத்தார்: "அப்போ மூணு வருஷமா நான் எதிர்ப்பக்கம் வெயில்ல நடந்தது எதுக்கு, நாயகம்?"

இந்த முறை சுருங்காத காட்டனில் நீலம் போட்டேன், அவர் வீட்டுக்குப் போய்த் தொப்பைக்கும் சாட்சி சொன்னேன், ஆக சபாபதியோடு இருந்த பகை தீர்ந்தது, இனிமேல் அன்றைக்குச் சிரித்த அந்த நாலு பேரைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.