முதல் பிடி

இன்று இரண்டு பைகளின் மிச்ச அரிசியையும் ஒன்றாகக் குக்கரில் போட்டுவிட்டேன். சோறு பாதி குழைந்தும் பாதி வேகாமலும் வந்தது. ஒரு வாய் வைத்ததும் வவுணதீவு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே அம்மா உலை வைக்கும்போதெல்லாம் முதலில் ஒரு பிடி அரிசியைத் தேவாலயத்துக்கென்று எடுத்துவைப்பார். வெள்ளம் வந்து, வீட்டில் ஒரு சுண்டு அரிசி மட்டும் மிஞ்சிய அன்றும் எடுத்தார்.

“நாளைக்குப் புள்ளயளுக்கு என்னத்தக் குடுக்கிற?” என்று அப்பா கத்தினார்.

“ஆண்டவர் இருக்கிறார்தானே,” என்றார் அம்மா.

மறுநாள் போதகர் தோணியில் வந்து, தேவாலயத்தில் சேர்ந்திருந்த பிடியரிசியை வீடுவீடாகக் கொடுத்தார். பல வீட்டு அரிசி என்பதால் அன்றும் சோறு இப்படித்தான் வெந்தது.

அந்த அரிசியைக் களைய அம்மா எழும்புவதற்குள், அப்பா அதில் முதல் பிடியை எடுத்துவைத்திருந்தார்.