வாய்கட்டி நடந்த ஏழு நாள்

பதுளைக் கடைத்தெருவில் எனக்கு வாயாடி என்று பெயர். நான் அதை மறுத்ததில்லை. எங்கள் துணிக்கடையின் பின்கட்டிலிருந்து நான் ஒரு குரல் கொடுத்தால் முன்னால் நடக்கிற பேரம் அதோடு முடிந்துவிடும். கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளையில்லை. அதற்கும் என் வாய்தான் காரணம் என்று என் கணவரின் அக்கா கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்த நாத்தனார் எங்களோடுதான் இருந்தார். வைத்தியருக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும்.

அந்த ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்து போவதென்று முடிவானது. என் கணவர்தான் முதலில் சொன்னார்.

"வாயைக் கட்டிக்கிட்டு நடந்து பாரேன். எத்தனையோ பேரு செய்றாங்க. மனசும் அடங்கும், முருகனும் கண்ணைத் திறப்பான்."

வாய்கட்டி நடப்பது என்றால், புறப்படும் இடத்தில் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, கதிர்காமத்துக் கோயில் வாசலில் அவிழ்க்கும்வரை ஒரு சொல்லும் பேசாதிருப்பது. கஞ்சி குடிக்கத் துணியைத் தூக்கலாம். இடையில் பேசிவிட்டால் வேண்டுதல் வீண். கைச்சாடையும் கூடாது என்று நாத்தனார் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். பிள்ளைக்காக நான் தீ மிதிக்கவும் தயாராக இருந்தேன். இது என்ன பெரிய காரியம் என்று தலையைக் கொடுத்தேன். பதுளைக் கோயில் வாசலில் நாத்தனார்தான் முடிச்சுப் போட்டார், நன்றாக இறுக்கி.

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஒரு கூட்டமாகப் போனார்கள்; நாங்கள் மூவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டோம். முதல் நாள் தொண்டை அரித்தது. எல்ல என்ற ஊரின் கணவாயில் இறங்கும்போது எல்லோரும் அரோகரா சொன்னார்கள், நான் உள்ளுக்குள் சொன்னேன். மூன்றாம் நாள் வெல்லவாயைத் தாண்டியபோது எனக்குள் ஏதோ மாறியிருந்தது. எதற்கும் பதில் தேடவேண்டியதில்லை என்பதே பெரிய ஓய்வாக இருந்தது. வழியில் மரம் இருந்தது, மரத்தைப் பார்த்தேன். ஒன்பது வருடமாக மண்டைக்குள் ஓடிய கணக்கு வழக்கெல்லாம் நின்றுபோயிற்று. என் கணவரும் என் பக்கத்திலேயே நடந்தார். முள் தைத்தபோது குனிந்து எடுத்துவிட்டார். தான் சின்ன வயதில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்த கதையெல்லாம் சொன்னார், கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத கதை. நான் வாயை மூடியதால் இவர் வாய் திறந்ததென்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எல்லாம் சாமியின் அருள் என்று நம்பினேன்.

ஐந்தாம் நாள், புத்தலைக்கு அப்பால் காட்டுக்குள் ஓர் ஓடை. நடுப்பகல். கூட்டம் மரத்தடியில் படுத்திருந்தது. நான் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் எதிர்க் கல்லில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"பண்டாரவளை மளிகைக் கடைக்காரரு மகளை எனக்குப் பேசி முடிச்சாச்சு. தையில கல்யாணம். உன்னை யாரும் போகச் சொல்லல, நீ பாட்டுக்கு இரு. வீட்ல வச்சுச் சொன்னா கடைத்தெருவையே கூட்டிருவ. அதான் இங்க வச்சுச் சொல்றேன்."

எனக்கு முள் எடுத்த அவர் கையைப் பார்த்தேன். துணியைப் பல்லால் கடித்தேன். காலடியில் ஒரு கல் கிடந்தது, எடுத்தேன். எறிந்தால் அதுவும் பேசியதாக ஆகுமா என்று தெரியவில்லை. கல்லைக் கீழே போட்டேன். அந்த நேரத்திலும் நான் விரதத்தைத்தான் யோசித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

கை முடிச்சுக்குப் போனது. நாத்தனார் எங்கிருந்தோ வந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவுத்துறாத. ஒம்பது வருச வேண்டுதல் பாழாப் போயிரும்."

அவர் முகத்தில் வியப்பே இல்லை. அவருக்கு முன்பே தெரியும். துணி, முடிச்சு, கைச்சாடை கூடாது என்ற சட்டம், எல்லாம் வீட்டிலேயே பேசி வைத்தவை.

அவிழ்க்கவில்லை. மிச்சம் இரண்டு நாளும் நடந்தேன். அமைதியெல்லாம் முதல் அடியிலேயே போய்விட்டது. பிள்ளை வேண்டுமென்று மனதில் சொல்லப் பார்த்தேன். யாருக்காகக் கேட்பது என்று தெரியவில்லை. அவர் முன்னால் தோட்டத்து ஆட்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு போனார். என் பக்கத்தில் நடக்க அவருக்கு இனி வேலையில்லை.

மாணிக்க கங்கையில் குளித்து, கோயில் வாசலில் நின்றோம். நாத்தனார் முடிச்சை அவிழ்த்தார். திரைக்குப் பின்னால் இருக்கிற சாமியைப் பார்த்து முதலில் அரோகரா சொல்லவேண்டும். சொன்னேன். குரல் கரகரத்தது. பிறகு என் கணவர் பக்கம் திரும்பினேன்.

"இப்பச் சொல்லுங்க."

"என்னத்த?"

"ஓடையில சொன்னீங்களே, அதை. எனக்கு வாய் இருக்கப்பச் சொல்லுங்க. இந்தச் சாமிக்கு முன்னால சொல்லுங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா திருநீற்றைப் பார்த்தார்.

"சன்னிதியில எதுக்கு அந்தப் பேச்சு" என்றார் அவர். "வீட்ல போயிப் பேசிக்கலாம்."

வீட்டில் நான் பேசினேன். அவர் பயந்தபடியே கடைத்தெரு கூடியது. அவர் மட்டும் துணி மடித்துக்கொண்டிருந்தார். தையில் கல்யாணம் நடந்தது. அதற்கு முன், பெண் வீட்டுப் பெரியவர்கள் எங்கள் கடைக்கு வந்து, மூத்தவளுக்குச் சம்மதந்தானா என்று கேட்டார்கள். நான் பின்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், பொய் சொன்னால் குரல் கொடுக்கலாமென்று.

"கதிர்காமத்துக்குப் போற வழியில, விரதத்தோட இருக்கப்பவே அவகிட்டச் சொல்லிட்டேங்க" என்றார் என் கணவர். "ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. வேணும்னா அக்காவைக் கேளுங்க."

அக்கா ஆமாம் என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.