நான் மெச்சிய தகப்பன்

பிள்ளைகளே, அன்று அருங்காட்சியகத்தில் சின்னவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் நின்றேனே, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எழுதினால்தான் எனக்கு ஆறும்.

மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த பழைய ஜப்பான் படங்கள். எல்லாம் பெண்கள். ஒருத்தி துணி பிழிகிறாள். ஒருத்தி சீப்பை வாயில் கவ்விக்கொண்டு கொண்டை முடிகிறாள். இன்னொருத்தி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே, ஓடப் பார்க்கும் மூத்ததைக் காலால் மறிக்கிறாள்.

"உது எங்கட அம்மா!" என்று சின்னவள் கத்தினாள். சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போனோம்.

அதில் பட்டுடுத்த ஒரு சீமாட்டி. பக்கத்தில் ஏழெட்டு வயதுச் சிறுமி. அவளுக்கும் பட்டு, தலை நிறையப் பூ. எனக்கு பெண் பிள்ளை பெரியவளானதற்கு எங்கள் ஆட்கள் எடுக்கும் சாமத்தியவீட்டு அல்பம்தான் நினைவுக்கு வந்தது. படத்துக்குக் கீழே இருந்த இங்கிலீஷை வாசிக்க அலுப்பு, பஞ்சி.

"பாருங்கோ, பெண்சாதியையும் பெத்த பிள்ளையையும் எப்பிடி உடுத்தி வைச்சிருக்கிறான்! தகப்பன் எண்டால் உவன்தான் தகப்பன்," என்றேன்.

பெரியவள் வாசித்துவிட்டு என் ஜக்கெற்றை இழுத்தாள். "அப்பா, சும்மா இருங்கோ. அவ தாய் இல்லை. ஆம்பிளையள் காசு குடுத்து வந்து போற வீடு உது. இந்தப் பிள்ளையை அங்க வித்திருக்கினம். இப்ப எடுபிடி வேலை. வளர்ந்தாப் பிறகு இவளுக்கும் அவவின்ர கதிதான்."

"ஆர் வித்தது?"

"சொந்த வீட்டு ஆக்கள்தான். கஷ்டத்தில, தகப்பன்மாரே கொண்டுபோய் விட்டிருக்கினம்."

பெற்றதை விற்றவனையல்லவா நான் மெச்சினேன், அதுவும் உங்கள் முன்னால்!

சின்னவள் என் விரலை விட்டுவிட்டாள். "எங்களுக்குக் கஷ்டம் வந்தால், நீங்கள் என்னை விப்பீங்களோ?"

"ஆன்சர் பண்ணுங்கோ அப்பா," என்றாள் பெரியவள்.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அப்பா யோசிக்கிறார் என்று நீ நினைத்திருப்பாய், சின்ன மகள். யோசிக்க அதில் என்ன இருக்கிறது? என் பிள்ளை என்னைப் பார்த்து இப்படிக் கேட்பாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நீ கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். இரண்டு பேரும் பின் சீற்றில் ஏற, வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரை ஓட்டினேன்.

நீங்கள் இறங்கி வீட்டுக்குள் போன பிறகு, நான் எஞ்சினை நிற்பாட்டினேன். திரும்பி, வெறுமையாக இருந்த பின் சீற்றைப் பார்த்து, "மாட்டன்," என்றேன். குரல் உடைந்தது. இன்னொரு தரம், கொஞ்சம் பலமாகச் சொல்லிப் பார்த்தேன்.