கோணிக்குள் இருந்த ராட்டை

1951 பிப்ரவரி: தங்கைக்கு அம்மை. ஐந்து வாரம் பள்ளிக்கு வரவில்லை.
மார்ச்: எங்கள் வீட்டுக்கு ஒரு ராட்டை வந்தது.
ஏப்ரல், கடைசி வேலைநாள்: மூன்றாம் வகுப்பின் தேர்ச்சிப் பட்டியலை வாசித்தேன்.
ஜூன்: பள்ளி திறந்தது. தங்கை வரவில்லை.

அந்த ஆண்டு நாட்குறிப்பில் அவளைப் பற்றி நான் எழுதியிருப்பது இவ்வளவே.

சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் செல்லும் சாலையில் எங்கள் ஊர். நான் அவ்வூர்ப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆசிரியன். ஒன்பது வயதுத் தங்கை என் வகுப்பிலேயே படித்தாள். தகப்பனார் இல்லை. தாயார் தறி நெய்தார். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றித் தர ஒரு கிழவி வந்துகொண்டிருந்தாள். மாசியில் கிழவிக்குக் கண் மங்கிப்போயிற்று.

மறுமாதம் வந்த, தார் சுற்றும் ராட்டையைத் தாயார் கோணியால் மூடிச் சுவரோரம் வைத்தார். அதனுடன் வந்த மணைப்பலகை சிறியது; பெரியவர்கள் உட்காரக் கூடியதன்று. பார்த்தேன். யாருக்கு என்று கேட்கவில்லை.

கடைசி வேலைநாளில் ஒவ்வொரு பெயராக வாசிப்பது பள்ளியின் வழக்கம். பெயர் கேட்ட பிள்ளை சிலேட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். கேளாத பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருக்கும். அப்படி உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் ஜூனில் திரும்புவதில்லை என்பதை அதற்குள் நான் கவனித்திருந்தேன்.

தங்கைக்குக் கணக்கில் தேர்ச்சிக்கு மூன்று மதிப்பெண் குறைந்தது. மீதி வரும் வகுத்தலை அந்த ஐந்து வாரத்தில் நடத்தியிருந்தேன். அவளுக்கு அது மட்டுமே தெரியாது. நோயால் பாடம் தவறிய பிள்ளைக்குச் சில மதிப்பெண் கூட்டித் தர எங்கள் பள்ளியில் ஆசிரியனுக்கு இடமிருந்தது.

பட்டியல் எழுதுவதற்கு முந்திய மாலை, அடுத்த தெருத் தறிக்காரர் பள்ளி வாசலில் என்னை மறித்தார். அவர் மகனும் காய்ச்சலில் படுத்து எழுந்தவன். அவனுக்கும் அதே மூன்று குறைவு.

“என்ன சார்வாள், நம்ம பய ரெண்டு வருசமா பசை போட்டு ஒட்டுன மாதிரி அதே எடத்துல இருக்கான். வாத்தியார் வீட்டுப் பிள்ளைன்னா பல்லக்குலல்லா நாலாங்கிளாசுக்குப் போவும்!”

உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மகனுக்கு மூன்று மதிப்பெண் கூட்டினேன். தங்கைக்குக் கூட்டவில்லை. அதை நேர்மை என்று எண்ணினேன்.

மறுநாள் அவள் பெயரின்றிப் பட்டியல் முடிந்தது. தூக்கிய சிலேட்டை அவள் மடியில் இறக்கி வைத்தாள்.

திரும்பி நடக்கையில் கேட்டாள்: “அண்ணே, பெயிலுன்னா புஸ்தகத்த மறுபடி மொதல்லருந்தா படிக்கணும்?”

“ஆமா.”

“எனக்குத்தான் அது முழுக்க மனப்பாடமாச்சே. கணக்குல ஒண்ணுதான தெரியல?”

நான் நடையை எட்டிப் போட்டேன்.

வீட்டில் கோணி அவிழ்ந்து கிடந்தது. ராட்டை நடுக்கூடத்துக்கு வந்திருந்தது. தறிக்காரர் மகன் தேறியதும் தங்கை தேறாததும் எங்களுக்கு முன்பே தாயாரை எட்டியிருந்தன.

“லீவுல சொல்லிக் குடுத்துரலாம். ஜூன்ல போவட்டும்” என்றேன்.

“வாத்தியாரே படிப்பு வராதுன்னுட்டாரு. இனி நான் என்னத்துக்குல அனுப்பணும்?” என்றார் தாயார். தங்கையிடம், “ஏட்டி, உக்காரு” என்றார்.

பலகை அவளுக்குச் சரியாக இருந்தது.

கோடையில் பயிற்சிக் கல்லூரி விண்ணப்பத்துக்காகப் படித்தேன். சக்கரம் சுற்றும் ஓசை இடையூறாக இருந்ததால் பின்கட்டுக்கு மாறிக்கொண்டேன். பிற்காலத்தில் தொடக்கப் பள்ளிகளில் தேக்கமும் இடைநிற்றலும் குறித்து ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றேன். வறுமை, நோய், தொலைவு என்று காரணங்களை வகுத்திருந்தேன். ஆசிரியனின் பெயரெடுக்கும் ஆசை அவற்றில் இல்லை.

இத்தனை ஆண்டுகளில் எழுத்து அவளை விட்டு மெல்ல உதிர்ந்துபோயிற்று. சென்ற மாதம் மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைக்கு முன் அவளிடம் சம்மதத் தாளை நீட்டினார்கள். நான் பேனாவைத் திறந்து கொடுத்தேன்.

“அத நீயே வச்சிக்க, அண்ணே” என்று பெருவிரலை மையில் ஒற்றினாள். சிகிச்சைக்குப் பின் அவள் கண் விழிக்கவே இல்லை.

செய்யாமல் விட்டவை:

ராட்டை யாருக்கென்று மார்ச் மாதத்திலேயே தாயாரிடம் கேட்பது.
மீதி வரும் வகுத்தலை அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது. பத்து நாள் போதும்.
ஜூன் முதல் நாள் அவளைக் கையோடு பள்ளிக்கு அழைத்துப் போவது.
ஆய்வேட்டில் விடுபட்ட காரணத்தைச் சேர்ப்பது.
அந்த மூன்று மதிப்பெண்ணை யாருக்குக் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன் என்பதை அவளிடம் சொல்வது.