இருபத்தொன்று பிரியும்

நிச்சயத்தை விட்டுவிட்டு ராசிபுரம் பாத்திரக்கடையில் ஏன் நிற்கிறேன் என்றால், என் வாய்தான் காரணம்.

இன்று அக்காவுக்கு நிச்சயம். நாங்கள் கொண்டுபோன சீர்த்தட்டுகளை மாப்பிள்ளையின் அத்தை எண்ணினார்.

"இருபத்தொண்ணு. ஒத்தப்படை பிரியாது. சோடியும் பிரியாது."

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும், கணக்கென்றால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏனுங்க அத்தை, மூவேழு இருபத்தொண்ணுங்க. ஏழேழா மூணு பங்காப் பிரியுமே!"

மாப்பிள்ளையின் அப்பா தாம்பூலத்தட்டைக் கீழே வைத்துவிட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப எதுதான் சாமி பிரியாது?" என்றார் அத்தை.

"இருபத்துமூணுங்க. எப்படிப் பங்கு போட்டாலும் சமமா வராது. பகா எண்ணுன்னு பேரு."

"அப்ப ஓடிப்போய் இன்னும் ரெண்டு தட்டு வாங்கிட்டு வா. அப்பறந்தான் தாம்பூலம் மாத்துவோம்."

ஓடி வந்தேன். கடைக்காரர் தட்டு தேடும் நேரத்தில் இந்தத் தபால் கார்டை உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்போதுதான் உறைக்கிறது: பத்தொன்பதும் பகா எண்தான். இரண்டு தட்டை எடுத்து ஒளித்திருந்தாலே போதும்!

இதை அத்தையிடம் சொல்லலாமா கூட்டாளிகளே? பதில் போடுங்கள். தட்டு வந்துவிட்டது, நான் ஓடணும்.