மொ. ஆசீர்வாதம் எழுதிய பட்டியல்

அடிஸ்கேலை அழுத்திப் பிடித்து ஐந்தாவது கோட்டையும் இழுத்து முடிக்கும்வரை ஆசீர்வாதம் நிமிர்வதில்லை. வரிசை எண், பெயர், தந்தை பெயர், கதவு எண், கைப்பேசி, கையொப்பம். காளவாசலில் கூட்டங்கள் நடக்கும் சங்கக் கட்டடத்தின் மாடிப்படி செங்குத்தானது. ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்கியபடி அவர் மேசை முன்னால் நின்றாக வேண்டும். உள்ளே சாதி மறுப்புத் திருமணங்களுக்குத் தனிச்சட்டம் கேட்கும் கருத்தரங்கு நடக்கலாம், தகவல் உரிமை மனு எழுதும் வகுப்பு நடக்கலாம், கலவரம் நடந்த ஏதோ ஓர் ஊருக்காக அமைதிக் கூட்டம் நடக்கலாம். வாசலில் இவர்தான்.

“முழுசா எழுதுங்க. இனிஷியல் போடுங்க. கதவு எண் இல்லாத வீடு எங்கிட்டு இருக்கு?”

அறுபத்து மூன்று வயது. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் எழுத்தர். சட்டைப்பையில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என இரண்டு பேனாக்கள். மேடையில் பேசுகிறவர் ஒரு சட்டத்தின் ஆண்டைத் தப்பாகச் சொன்னால் துண்டுச்சீட்டில் சரியான ஆண்டை எழுதி மேடைக்கு அனுப்புவார். பேச்சாளர் சீட்டைப் படித்துவிட்டுத் திருத்திச் சொல்லும்வரை நாற்காலியில் அமராமல் நிற்பார். யாரும் கைதட்ட மாட்டார்கள். இவரும் எதிர்பார்க்க மாட்டார்.

கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்களிடம் அவர் கேட்பது ஒன்றுதான். “நாம என்ன களவாங்கவா வந்திருக்கோம்? பேர மறைக்கிறவன் திருடன்யா.”

இது வெறும் எழுத்தர் புத்தி என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஒருநாள் தேநீர் இடைவேளையில் அவராகவே சொன்னார். “எங்க அப்பா பேரு மொக்கைச்சாமி. பண்ணையில அவர யாரும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. ‘டேய்’தான். கூலி நோட்டுல ‘தெக்குத்தெரு ஆள் நாலு’னு போட்டிருக்கும். அந்த நாலுல ஒண்ணு எங்கப்பா, ஒண்ணு எங்கம்மா. என்னையப் பள்ளிக்கூடத்துல சேத்த அன்னைக்கித்தான் எங்க குடும்பத்துல ஒரு பேரு மொத மொத ரிஜிஸ்டர்ல ஏறுச்சு.” அதைச் சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கப் போய்விட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய இரண்டு பேர் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அவர்களுக்காக மெழுகுவத்தி ஏந்தி நிற்க இருபத்து மூன்று பேர் கூடினார்கள். அனுமதி கேட்டு முறைப்படி கடிதம் கொடுத்தவர் ஆசீர்வாதம்தான். பதில் வரவில்லை. பத்து நிமிடம் நின்றார்கள், காற்றில் பாதி வத்திகள் அணைந்தன, கலைந்துவிட்டார்கள். காவல் நிலையத்தின் பெயர் வேண்டாம். அங்கிருந்து வந்த ஓர் ஏட்டு பணிவாகத்தான் கேட்டார். “ஐயா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. மேல கேப்பாங்க. வந்தவங்க பேரு மட்டும் ஒரு பேப்பர்ல குடுத்திருங்க.”

வேறு யாராக இருந்தாலும் நாலைந்து பேரை எழுதி “மத்தவங்க தெரியாது சார்” என்று முடித்திருப்பார்கள். ஆசீர்வாதம் மூடியிருந்த கடையின் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, இருபத்து மூன்று பேரையும் எழுதினார். தந்தை பெயரோடு, வயதோடு, கதவு எண்ணோடு.

அந்தப் பட்டியல்தான் முதல் தகவல் அறிக்கை ஆனது. அனுமதியின்றிக் கூடியது, போக்குவரத்துக்கு இடையூறு செய்தது. வழக்கை நடத்தும் வழக்கறிஞர் சரண்யாதேவி அதைப் படித்துவிட்டுச் சொன்னார். “எத்தனையோ எஃப்.ஐ.ஆர். பாத்திருக்கேன்ணே. ஒரு எழுத்துப் பிழை இல்லாம இப்பத்தான் பாக்குறேன்.”

பட்டியலில் ஏழாவது பெயர் ஆ. ரூத், வயது 21. அவருடைய ஒரே மகள். பெண்கள் எண்ணிக்கை குறைவாக இருக்கிறது என்று அவர்தான் கல்லூரியிலிருந்து அவளை வரச் சொன்னார். வத்தி அணைந்ததும் அவள் பேருந்து பிடித்துப் போய்விட்டாள். ஏட்டு அவளைப் பார்க்கக்கூட இல்லை. விட்டிருக்கலாம். “அதெப்படி விட முடியும்? அடுத்தவுக பிள்ளை பேரெல்லாம் எழுதிட்டு எம் பிள்ளை பேர மட்டும் விட்டா நாயமா?” என்று இன்றைக்கும் கேட்கிறார். கேட்கும்போது குரலில் முன்னைப்போல் உரம் இல்லை.

வழக்கு இருப்பதே வெகுநாள் யாருக்கும் தெரியாது. சம்மன் வரவில்லை. ரூத் தேர்வு எழுதினாள், தேறினாள், இளநிலை உதவியாளர் பணிக்குத் தேர்வானாள். ‘குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினாள். காவல்துறைச் சரிபார்ப்பில் இருப்பது தெரிந்தது. இப்போது வழக்கு ஒரு குற்றம், மறைத்தது இன்னொரு குற்றம். பணி ஆணை எட்டு மாதமாக எங்கோ ஒரு மேசையில் கிடக்கிறது. ரூத் திருநகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அடுத்தவர்களின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிறாள்.

செய்தி வந்த அன்று அவள் அழவில்லையாம். ஒன்றே ஒன்று கேட்டாளாம். அதை அவரே என்னிடம் சொன்னார். “‘அம்புட்டுப் பேரையும் எழுதுனீங்களேப்பா, செத்துப்போன ரெண்டு பேரு பேரு அந்த லிஸ்ட்ல இருந்துச்சா’னு கேட்டா தம்பி. இல்லல்ல. அதுல இல்லல்ல.”

அதன் பிறகும் அவர் மேசை போடாமல் இல்லை. ஆனால் வருகிறவர்கள் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் மேசையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எழுதுகிறவர்களும் பொய்ப்பெயர்தான் எழுதுகிறார்கள். ஆட்டோ ஓட்டும் சோணை வழக்குப் பட்டியலில் பதினோராவது ஆள். அவர் ஒருமுறை ‘கருப்பு, பதினெட்டாம்படி, அழகர்கோவில்’ என்று எழுதிவைத்தார்.

“என்னய்யா இது?”

“கரெக்டான அட்ரஸ்ணே. கேஸ் போட்டா நேரா அங்கயே போயி சம்மனக் குடுக்கட்டும். அருவாளோட நின்னு வாங்கிக்கிடுவாரு.”

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஆசீர்வாதமும் சிரிக்கப் பார்த்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த வரியை அடிக்காமல், அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி மட்டும் போட்டார். “இனிஷியலாவது போட்டிருக்கலாம்ல மாப்ள” என்றார்.

வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வர இருக்கிறது. சரண்யாதேவி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். “அதுவரைக்கும் ரூத்து கூட்டத்துப் பக்கமே வரக்கூடாதுண்ணே. இன்னொரு எடத்துல அவ பேரு ஏறுச்சுன்னா, எதுக்கெடுத்தாலும் போராட வர்ற பொண்ணுனு எழுதிருவாங்க. அப்பறம் வேலைய மறந்துர வேண்டியதுதான்.”

போன டிசம்பரில் மனித உரிமை நாள் கூட்டம். மதிய இடைவேளையில் எல்லோரும் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்களோடு கீழே மரத்தடிக்குப் போய்விட்டார்கள். கூடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் நான். மேசைக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றவர் சாதாரண உடையில் வரும் இளம் போலீஸ்காரர். எல்லாக் கூட்டங்களுக்கும் வருவார், குறிப்பெடுப்பார், தேநீர் கொடுத்தால் குடிப்பார்.

“ஐயா, லிஸ்ட்டக் குடுத்தா நான் கெளம்பிருவேன்.”

“இன்னைக்கி யாரும் எழுதல தம்பி.” முதல் முறையாக நோட்டு மேசைமேல் மூடிக் கிடந்தது.

அப்போதுதான் ரூத் படியேறி வந்தாள். கையில் துணிப்பை. ஆசீர்வாதத்துக்குச் சர்க்கரை, பொட்டலச் சோறு ஆகாது. காலையில் சாப்பாட்டையும் மாத்திரையையும் மறந்துவிட்டு வந்திருக்கிறார். கூட்டம் நடக்கும்போது கைப்பேசியை அணைத்து வைக்கிற ஆள் என்பதால் அவளே வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாள்.

போலீஸ்காரர் அவளையே பார்த்தார். “யாருங்கய்யா இந்தப் பொண்ணு? எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே. பேரென்ன?”

ஆசீர்வாதம் திரும்பிப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

“தெரியலயே தம்பி. யாரையோ தேடி வந்திருக்கும்போல.”

அவர் குரல் உயரவில்லை, தடுமாறவும் இல்லை. காலியான கூடத்தில் அது வாசல்வரை கேட்டது. கழற்றிய செருப்பின்மேல் ஒரு காலை வைத்தபடி ரூத் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே வந்து பையை மேசை ஓரத்தில் வைத்தாள்.

“சார், கீழ ஒருத்தவங்க உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க.”

“சரிம்மா.”

அவள் இறங்கிப் போகும் சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை ஆசீர்வாதம் அசையவில்லை. பிறகு பைக்குள் கைவிட்டு எவர்சில்வர் டப்பாவை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். அதன் மூடியில் ‘ஆ. ரூத்’ என்று, இனிஷியலோடு, புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது.

மூடியின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். டப்பாவின் விளிம்பில் ஆவி கசிந்துகொண்டிருந்தது.

“என்னங்கய்யா, சாப்பிடலயா?” என்றார் போலீஸ்காரர்.

“ஆறட்டும் தம்பி.”

கையை அவர் எடுக்கவில்லை.