ஃபோல்டர் அக்காவின் நாற்பத்துமூன்று புகார்கள்

லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் அவளை எல்லோரும் ஃபோல்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் அங்கே மெக்கானிக்காக இருந்து செத்துப்போனதும், பெண்டாட்டி கையில் துடைப்பத்தைக் கொடுத்து இதுதான் வேலை என்றார்கள். பெருக்கிக்கொண்டே, புகார் மேஜைக்காரரின் விரல்கள் கம்ப்யூட்டரில் ஓடுவதை மூன்று வருஷம் பார்த்தாள். அவர் ஓய்வு பெற்ற அன்று, ஆள் கிடைக்கும்வரை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் பதினொரு வருஷமாக எழுந்திருக்கவில்லை.

அவள் கம்ப்யூட்டரில் படமும் கிடையாது, பட்டனும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒரு எழுத்தைத் தட்டினால் மெயில் திறக்கும், இன்னொன்றைத் தட்டினால் ஃபோல்டருக்குப் போய்விடும். ‘வந்தவை’ ஒரு ஃபோல்டர், ‘முடிந்தவை’ ஒரு ஃபோல்டர். காலையில் வந்தவையில் கிடப்பதை அச்சடித்து மெக்கானிக்குகள் கையில் கொடுப்பாள். வேலை முடித்து "ஆச்சுக்கா" என்று போன் செய்தால் முடிந்தவைக்குத் தள்ளுவாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஆனால் படிக்காமல் ஒன்றையும் தள்ளமாட்டாள்.

புது மேனேஜர் வந்தார். வந்த இரண்டாம் மாதம் மெயிலையெல்லாம் புது சர்வருக்கு மாற்றினார். பார்க்கக் கலர் கலராக இருந்தது. ஏழு நாள் யாரும் தொடாத புகார் அதில் தானாகவே மூடிக்கொள்ளும்.

"புகார் தானா மூடிக்கிட்டா, லிஃப்ட் தானா ஓடுமா சார்?" என்றாள்.

"காலத்தோட ஓடணும்க்கா. திங்கக்கிழமைக்குள்ள புதுசுக்கு மாறிடுங்க. இல்லேன்னா உங்க பழைய வேலை காலியாத்தான் இருக்கு."

பழைய வேலை என்றால் துடைப்பம். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது புரிந்தது.

புது சர்வரைக் கறுப்புத் திரைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டால் யார் என்ன சொல்ல முடியும் என்று அவள் நினைத்தாள். எந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று அந்த மெயில் புரோகிராமுக்குச் சொல்ல ஒரு செட்டிங்ஸ் ஃபைல் உண்டு. அதைத் திறந்து, வந்தவைக்கான வரியை மாற்றினாள். அதே வரியை நகலெடுத்து முடிந்தவைக்கும் ஒட்டினாள். கடைசிச் சொல்லை மட்டும் ‘முடிந்தவை’ என்று மாற்ற மறந்துவிட்டாள். பிறகு, போன மாதம் முடிந்து பழைய சர்வரில் கிடந்த நாற்பத்துமூன்று புகார்களையும் முடிந்தவைக்கு அனுப்பினாள். அத்தனையும் வந்தவையில் போய் விழுந்தன.

தேதியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் நின்றுபோன லிஃப்டுக்கு நாள் என்ன, கிழமை என்ன என்று தேதியை அவளே எப்போதோ திரையிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள். மறுநாள் காலை மெக்கானிக்குகள் கற்றை கற்றையாகத் தாளை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் மூத்த மெக்கானிக் கொதித்துக்கொண்டு வந்தார். "ஏங்க்கா, நேத்து தின்ன சோத்துக்கு இன்னைக்கு ஏப்பம் விடச் சொல்றியா? எல்லாம் போன மாசம் முடிஞ்ச வேலை!"

அவள் ஃபைலைத் திறந்து விரல் வைத்துப் படித்தாள். "தப்புதான். என் கை பண்ணதுதான்" என்று வரியைத் திருத்த ஆரம்பித்தாள்.

திருத்தி முடிப்பதற்குள் மற்ற மெக்கானிக்குகளின் போன் வந்தது. நாற்பத்துமூன்றில் ஏழு லிஃப்ட் இன்னும் நின்றபடியே இருந்தன. ஒன்பதாவது மாடியில் இடுப்பு ஒடிந்த ஒரு அம்மா ஒரு மாதமாகக் கீழே இறங்கவில்லையாம்.

"இந்த ஏழுக்கும் ஆச்சுக்கான்னு சொன்னது நீதானே?" என்று மூத்த மெக்கானிக்கைக் கேட்டாள்.

அவர் குரல் இறங்கியது. "பார்ட்ஸ் இல்லக்கா. ஆச்சுன்னு சொல்லிடு, மாச ரிப்போர்ட் நல்லா இருக்கணும்னு மேனேஜர்தான் சொன்னாரு."

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "உங்க தப்பால ஒரு நாள் பூரா வீண். அந்த ஏழையும் முடிஞ்சதுல தள்ளிட்டு, அந்தக் கறுப்புத் திரையை மூடுங்க."

"என் தப்பு ஒரு வரி சார், திருத்திட்டேன். உங்க தப்பு ஏழு கட்டடம். அதை யாரு திருத்துவா?"

"வாய் ரொம்ப நீளுது."

"படியேற முடியாதவங்களுக்கும் சேர்த்துப் பேசுற வாய் சார் இது, நீளத்தான் செய்யும்."

"அப்போ போய்த் துடைப்பத்தை எடுங்க."

"எனக்குப் பெருக்கத் தெரியாதா? குப்பை எங்க கிடக்குன்னு முதலாளியம்மாவுக்குக் காட்டிட்டு வந்து எடுக்கிறேன்."

நாற்காலிக்குத் திரும்பி, செட்டிங்ஸ் ஃபைலில் புதிதாக ஒரு வரி எழுதினாள். ‘முடியாதவை’ என்று ஒரு ஃபோல்டர் பிறந்தது. ஏழையும் அதில் போட்டாள். ஏழு கட்டடத்துக்கும் எழுதினாள்: "உங்க லிஃப்ட் சரியாயிடுச்சுன்னு நாங்க எழுதி வச்சது பொய். ஓடுதுன்னு நீங்க எழுதுற வரைக்கும் நான் புகாரை மூடமாட்டேன்." நகல் ஒன்று முதலாளியம்மாவுக்குப் போனது.

சாயங்காலம் மேனேஜரிடமிருந்து மெயில் வந்தது. திங்கட்கிழமை முதல் அந்த நாற்காலி அவளுக்கு இல்லையாம். எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தாள். அதையும் முடியாதவையில் தள்ளினாள்.

முதலாளியம்மா பதில் எழுதவில்லை. வேலை நிலைக்குமா போகுமா என்று ஒருவருக்கும் தெரியாது. திங்கட்கிழமை காலை எப்போதும்போல வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டியலை அச்சடித்தாள். மேலே அந்த ஏழு. ஒன்பதாவது மாடித் தாளை மூத்த மெக்கானிக் எடுத்தார்.

"பார்ட்ஸ் எங்க கிடைக்கும்னு பார்த்து நானே வாங்கிப் போட்டுடறேன்க்கா. முடிஞ்சதும் போன் பண்றேன்."

"நீ பண்ணாதே. அந்த அம்மா கீழ எறங்கி வந்து பண்ணட்டும்."